கொம்புதின்னி

காப்புறுதிக்காரர்களுக்கு உடல் வேண்டும்.
உடல் இல்லையென்றால் தோல்.
தோலும் இல்லையென்றால்
எண் போட்ட காதுத் தோடு, கொம்புகள்,
கால்நடை உத்தியோகத்தரின் கையொப்பம்.

கையொப்பம் என்னுடையது.
ஆகவே ஏறினேன்,
பட்டிப்பொல ஸ்டேசனுக்கு மேலே
யூக்கலிப்டஸ் நின்றுபோய்
பத்தனை தொடங்குகிற இடத்துக்கு.

திலகேஸ்வரி முன்னால் நடந்தாள்.
உருளைக்கிழங்குக்கு மருந்தடித்த கையைப்
புல்லில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"போன வருசம் தையில புலி அடிச்சது சேர்,
பனி கொட்டி எல, தழையெல்லாம் கருகிப் போன அன்னைக்கு."
இப்போது ஆனி. இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை?
"சொன்னேனே. அப்ப இருந்த சேருக்கு மாற்றம் வந்திருச்சு."

இடுப்பளவு மானாப்புல்.
மகரத்மல் மரத்திலிருந்து
காலடியை எண்ணிக்கொண்டு போனாள்,
எழுபத்திரண்டில் நின்றாள்.

தொடை புலிக்குப் போயிருந்தது.
குடல் பன்றிகளுக்கு,
கண் காகத்துக்கு,
மிச்சம் புழுவுக்கும் எறும்புக்கும்.
எலும்பைக்கூட முள்ளம்பன்றி இழுத்துப்போய்ச்
சுரண்டியிருக்கிறது.
கொம்பை மட்டும் எவரும் தொடவில்லை.
நகம் கடிக்கிறவர்களே
நகத்தை விழுங்குவதில்லை அல்லவா.

ஒன்று வெயிலில் காய்ந்து கிடந்தது, சுத்தமாக.
மற்றது கல்லின் நிழலில், ஈரத்தில்.
"இது என்ன சேர்,
கொம்புல தினை மொளைச்சிருக்கு?"

குனிந்தேன்.
தீக்குச்சியில் பாதி உயரம்,
வெளிறிய தண்டு, பழுப்புத் தலை.
நூறா, நூற்றைம்பதா
நெருக்கியடித்து நின்றன,
லீவு நாளுக்கு முந்தின பஸ்ஸில்போல.
விரல் பட்டதும் தலை பொடிந்து
புகையாய்ப் போனது.
அழுகல் வாடை. ஒரு ஈ, எனக்கு முன்பே.

குண்டசாலையில் படித்தபோது
இதைப்பற்றி ஒரேயொரு பந்தி இருந்தது.
பரீட்சைக்கு வராது என்று விட்ட பந்தி.
முடி, நகம், குளம்பு, கொம்பு
எல்லாம் ஒரே சரக்கு;
எந்த வயிற்றுக்கும் திறக்காத பூட்டு.
இந்தப் பூஞ்சைக்குத் திறக்கும்.
மெதுவாக. வருடக் கணக்கில்.
அதன் வித்துங்கூட
ஒரு மிருகத்தின் இரைப்பைக்குள் போய் வந்தால்தான்
விழிக்கும் என்று எழுதியிருந்த ஞாபகம்.
பிழையாகவும் இருக்கலாம், விட்ட பந்திதானே.

அவள் பெருவிரலால் கொம்பின் நுனியை அழுத்தினாள்.
நமத்த அப்பளம்போல் இறங்கியது.
"இந்த நுனியாலதான் என்னைக் குத்துனா, சில்வியா.
பதினோரு தையல்."
இன்னொரு முறை அழுத்தினாள்.
பிறகு தன் நகங்களைப் பார்த்தாள்.
"நம்மளோடதையும் திங்குமா?"
"உயிரோடு இருக்கும்வரை இல்லை."
"பொறவு?"
காற்று மானாப்புல்லை ஒரு பக்கமாகச் சாய்த்தது.
நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கல்லைச் சுற்றி ஒரு முழத்துக்குப்
புல் கரும்பச்சை.
அதற்குள்தான் கிடந்தது தோடு:
மஞ்சள் பிளாஸ்டிக், எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
ஓர் இலக்கம் மங்கவில்லை.
அதைத் தின்ன
இன்னும் எவரும் பிறக்கவில்லை.

காய்ந்த கொம்பைப் பையில் போட்டாள்.
மற்றதைத் தூக்கப் போனேன்; கையோடு உதிர்ந்தது.
"வைங்க சேர். பாதி சாப்பாட்டுல எடுக்கக் கூடாது."

படிவத்தில் எழுதினேன்:
கொம்புகள், இரண்டு.
இணைக்கப்பட்டது, ஒன்று.
மற்றது தற்போது பாவனையில் உள்ளது.

காசு வந்துவிட்டது.
அவள் ஒரு கன்று பார்த்திருக்கிறாள், அம்பேவெலப் பக்கம்,
இன்னும் கொம்பு முளைக்காதது.

எனக்கு மட்டும்
நுவரெலியாக் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம்:
மற்றது
யாருடைய பாவனையில்?

மழை விடட்டும்.
மறுபடி ஏறிப் போய்ப்
பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.